ஏற்காட்டில் ஏறிய ஒன்பது மதிப்பெண்

சேலம் அஸ்தம்பட்டிப் பக்கம் பள்ளிப் பிள்ளைகளுக்கு 30 நாள் கவனப் பயிற்சி தரும் மையம் ஒன்று இருக்கிறது. பயிற்சியில் பெரிதாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓர் அறைக்கு ஆறே பிள்ளைகள், பொறுமையான டீச்சர்கள். சிக்கல் கடைசியில் தரும் ரிப்போர்ட்டில்தான். ‘முன்பு 88, இப்போது 97, நல்ல முன்னேற்றம்’ என்று போட்டுத் தருகிறார்கள்.

அந்த ஒன்பதை அப்படியே நம்பிவிட முடியாது. டெஸ்டின் சராசரி 100, திட்ட விலக்கம் (மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரவியிருக்கின்றன என்பது) 15, நம்பகத்தன்மை (மறுபடி அளந்தால் எவ்வளவு ஒத்துவரும் என்பது; முழுமை என்றால் 1) 0.80 என்று அதே ரிப்போர்ட்டின் அடியில் இருக்கிறது. அப்படியென்றால் ஒருமுறை அளப்பதில் வரும் பிழை 15 × √(1 − 0.80), அதாவது 6.7. இருமுறை அளப்பதால் √2ஆல் பெருக்க வேண்டும்: 9.5. 95 சதவீத உறுதி வேண்டுமென்றால் அதை 1.96ஆல் பெருக்க வேண்டும்: 18.6. உளவியல் ஆய்வாளர்கள் ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991இல் தந்த கணக்கு இது. 19 மதிப்பெண்ணாவது கூடினால்தான் இந்தப் பிள்ளை மாறியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

0.80 நல்ல எண்தானே? ஒருமுறை அளக்க, ஆமாம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது இரண்டிலும் பொதுவாக உள்ள திறன் அடிபட்டுப்போகும். இரண்டின் பிழையும் அப்படியே தங்கிவிடும். இரு மதிப்பெண்களின் பரவல் சமமாக இருந்து, அவற்றுக்கிடையே ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது) 0.70 என்றால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மை (0.80 − 0.70) ÷ (1 − 0.70) = 0.33. இதை வைத்து ‘அதிகம் முன்னேறியவர்’ என்று கோப்பை கொடுப்பது கோப்பை வாங்காத பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

அளக்கும் விதமும் சரியில்லை. வரிவரியாக அச்சிட்ட எண்களில் 6, 9 மட்டும் அடிக்கச் சொல்லும் தாள். இரண்டு முறையும் அதே தாள். முதல் வரி எங்கே தொடங்கும் என்பது பிள்ளைக்கு நினைவிருக்கும். முதல் டெஸ்ட் ஏப்ரல் வெயிலில், பஸ் ஹாரன் கேட்கும் அறையில், மாலை ஐந்து மணிக்கு. இரண்டாவது, ஏற்காடு முகாமில், குளுகுளுவென்ற காலையில். எது பயிற்சியால் வந்தது, எது மலைக்காற்றால் வந்தது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. போதாததற்கு, குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் சேர்க்கிறார்கள். அன்று தற்செயலாகக் குறைந்தது மறுமுறை தானாகவே சராசரிப் பக்கம் நகரும். 76 எடுத்த பிள்ளை ஒன்றுமே செய்யாமல் மறுபடி எழுதினாலும், 0.80 ஒட்டுறவில் சராசரியாக 81 எதிர்பார்க்கலாம்.

சேர்ப்பதற்கு முன் கேளுங்கள்: சம கடினமுள்ள வேறு தாள் உண்டா? அதே அறை, அதே நேரமா? தொடங்கும் முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு டெஸ்ட் வைப்பார்களா? பயிற்சி தொடங்காமல் காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் அதே நாட்களில் டெஸ்ட் உண்டா? கடைசிக் கேள்விதான் முக்கியம். அவர்களும் ஒன்பது ஏறியிருந்தால் கட்டணம் எதற்கு?

பயிற்சிக்காகச் சேர்க்கலாம். ரிப்போர்ட்டைப் பள்ளியிலோ டாக்டரிடமோ ஆதாரமாக நீட்ட வேண்டாம்.