பனியன் கம்பெனி ஆப்பிலிருந்து மெயில்: சொந்த சர்வரா, ஜிமெயிலா, அமேசான் எஸ்இஎஸ்ஸா?

"ஏனுங்க, பேக்கிங் லிஸ்ட் போயிருச்சுன்னு சாஃப்ட்வேர் காட்டுது, பையர் வரலைங்கறாரே?" திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு வெப் அப்ளிகேஷன் எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரிடமிருந்து இப்படிப் போன் வருவது சகஜம். மெயில் அனுப்ப எந்த வழி நல்லது என்று பேச்சு வந்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது விலையை. எனக்கு அது இரண்டாவது கேள்வி. மெயில் போகாத அன்றைக்கு, ஏன் போகவில்லை என்று எந்த வழி வாயைத் திறந்து சொல்கிறது? அதை வைத்துத்தான் இந்த மூன்றையும் அலசுகிறேன்.

சொந்த சர்வர் முதலில். பிஎச்பி நிரல்மொழியின் மெயில் ஃபங்ஷன் 'ட்ரூ' (சரி) என்று சொன்னால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். சரக்கை லாரி ஆபீசில் இறக்கிவிட்டு வந்ததற்குச் சமம் அது. ஊர் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை. உண்மை தெரிய, சர்வரில் மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸின் லாகை, அதாவது நடந்ததை எழுதிவைக்கும் பதிவேட்டைத் திறக்க வேண்டும். அங்கே எதிர்ப்பக்க சர்வர் சொன்ன பதில் அப்படியே இருக்கும். 4-இல் தொடங்கும் எண் என்றால் இப்போதைக்கு முடியாது, சர்வரே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் மறுப்பு, எத்தனை முறை அனுப்பினாலும் அதே பதில்தான். பதிலே இல்லாமல் 'கனெக்‌ஷன் டைம்டு அவுட்' என்று வரிசையாக நின்றால், சர்வருக்குச் சர்வர் மெயில் கொடுக்கும் வாசலான 25-ஆம் போர்ட் அடைபட்டிருக்கிறது என்று சந்தேகப்படலாம். வாடகைக்கு சர்வர் தரும் அமேசான் இசி2, கூகுள் கிளவுட் இரண்டுமே வெளியே போகும் 25-ஐ இயல்பாகவே தடுத்துத்தான் வைத்திருக்கின்றன.

ஆக, பேசுவதில் சொந்த சர்வருக்குக் குறையில்லை. ஆனால் கேட்க ஆள் வேண்டுமே! லாக் படிக்கத் தெரிந்தவர் இல்லாத கம்பெனியில் அது யாருக்கும் கேட்காது. சர்வரின் இணைய எண்ணான ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ், அதாவது அந்த எண்ணுக்குரிய பெயரைச் சொல்லும் பதிவு, இல்லையென்றால் ஜிமெயில் முகம் திருப்பிக்கொள்ளும். ஆபீஸ் பிராட்பேண்ட் ஐபியிலிருந்து நேராக அனுப்புவதை நினைக்கவே வேண்டாம்.

ஜிமெயில் எஸ்எம்டிபிக்கு, அதாவது ஒரு ஜிமெயில் கணக்கின் வழியாக ஆப் மெயில் அனுப்புவதற்கு, ஒரு நல்ல குணம் உண்டு: அனுப்பியதெல்லாம் 'சென்ட்' பெட்டியில் கிடக்கும், மெர்ச்சண்டைசரே பார்த்துக்கொள்ளலாம். திரும்பி வந்த மெயிலும் அதே கணக்கின் இன்பாக்ஸுக்கு வரும். ஆனால் ஆப்புக்கென்று தனியாகத் தொடங்கிய கணக்கை யாரும் திறப்பதில்லை, அங்கேதான் துப்பு தூங்கிக்கொண்டிருக்கும்.

இந்த வழியில் அடிக்கடி வரும் கோளாறு 535, அதாவது உள்ளே விட மறுப்பது. 2022 மே 30-க்குப் பிறகு தனிநபர் ஜிமெயிலில் வெறும் பாஸ்வேர்டை வைத்து ஆப் உள்ளே போக முடியாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் வாங்க வேண்டும். அப்புறம், முதலாளி ஒருநாள் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அந்த ஆப் பாஸ்வேர்டும் செத்துவிடும். கோடில் யாரும் கை வைக்காமலே மெயில் நிற்கிறது என்றால் நான் முதலில் கேட்பது இதைத்தான். ஒரு நாளைக்கு இலவசக் கணக்கில் 500 மெயில், கூகுளின் கட்டணச் சேவையான ஒர்க்ஸ்பேஸில் 2,000 என்ற வரம்பும் இருக்கிறது. இன்வாய்ஸுக்குத் தாராளம், தீபாவளி வாழ்த்துக்குப் பற்றாது.

ஆப்புகளுக்காக மெயில் அனுப்பிக் கொடுக்கும் அமேசானின் சேவையான எஸ்இஎஸ் விலையில் மலிவு, ஆயிரம் மெயிலுக்கு 0.10 டாலர். தொடக்கத்தில் 'சாண்ட்பாக்ஸ்' என்ற கட்டுக்குள் வைத்திருப்பார்கள்: 24 மணி நேரத்துக்கு 200 மெயில், அதுவும் சரிபார்த்த முகவரிகளுக்கு மட்டும். உங்களுக்கே அனுப்பிப் பார்த்தால் ஜோராக வரும், பையருக்கு மட்டும் போகாது. இதிலும் 535 வரும், காரணம் வேறு. எஸ்எம்டிபி கடவுச்சொல், அமேசானின் சர்வர்கள் இருக்கும் ரீஜனுக்கு ரீஜன் தனி. மும்பைக்கு எடுத்தது வர்ஜீனியாவில் செல்லாது.

இன்னொன்று கொஞ்சம் கள்ளத்தனமானது. ஒரு முகவரி ஒருமுறை நிரந்தரமாகத் திரும்பி வந்தால் அதைத் தடுப்புப் பட்டியலில் போட்டுவிடும். பையர் தன் பக்கம் சரிசெய்த பிறகும் எஸ்இஎஸ் உங்கள் மெயிலை வாங்கிக்கொள்ளும், அனுப்பாது. திரும்பியவற்றின் அறிவிப்பை ஆப்புக்குள் இழுத்து, டிஸ்பாட்ச் திரையிலேயே காட்டுமாறு எழுதிவிட்டால் மூன்றில் இதுதான் தெளிவாகப் பேசும். எழுதாமல் விட்டால் மூன்றில் இதுதான் ஊமை.

எந்த வழியானாலும் இரண்டு இடம் பார்க்க வேண்டும். டொமைனில் எஸ்பிஎஃப் பதிவு, அதாவது உங்கள் பெயரில் எந்தெந்த சர்வர் மெயில் அனுப்பலாம் என்ற பட்டியல், ஒன்றே ஒன்றுதான் இருக்கலாம். வெப்சைட் போட்ட கோயமுத்தூர்க்காரர் ஒன்று, ஒர்க்ஸ்பேஸ் விற்றவர் ஒன்று என்று இரண்டு சேர்த்திருந்தால் இரண்டுமே கெட்டது. அடுத்தது என்கொயரி ஃபார்ம்: நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியை 'ஃப்ரம்'மில் வைத்து அனுப்பினால் ஆள்மாறாட்டம்தான். அதை 'ரிப்ளை-டூ'வில் வையுங்கள். ஜிமெயிலில் 'ஷோ ஒரிஜினல்' திறந்தால் மெயில் நிஜமாகவே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் சோதனைகள் மூன்றும் பாஸா ஃபெயிலா என்று மேலேயே தெரியும். பிஎச்பியின் லாராவெல் சட்டகத்தில் எழுதும் ஆட்கள் இதற்கெல்லாம் முன்னால், பின்னணியில் மெயிலை அனுப்பும் க்யூ ஒர்க்கரை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்துவிடுங்கள், பழைய செட்டிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

ஒரு நாளைக்குச் சில பத்து இன்வாய்ஸ் போகிற கம்பெனி, ஏற்கெனவே ஒர்க்ஸ்பேஸ் இருக்கிறது என்றால் அதையே வைத்துக்கொள்ளச் சொல்வேன். அதைத் தாண்டினால் எஸ்இஎஸ். சொந்த சர்வரை, பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிற இடத்தைத் தவிர வேறெங்கும் சொல்ல மாட்டேன். பொங்கல் வாழ்த்தையும் புது டிசைன் கேட்லாக்கையும் தனி சப்டொமைனில், அதாவது டொமைனின் கிளைப் பெயரில், அனுப்புங்கள். வாழ்த்தை யாரோ ஸ்பாம் என்று அமுக்கியதற்கு இன்வாய்ஸ் ஏன் மாட்ட வேண்டும்?