திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு எந்த எஞ்சின்? சுடுதண்ணியில் தொடங்கும் ஒரு கணக்கு

2022இல் அம்மாவோடு ஆஸ்பத்திரியில் நின்ற இரவுகளில், பிளாஸ்க்கைத் தூக்கிக்கொண்டு எதிர்க் கடைக்குச் சுடுதண்ணி வாங்கப் போவேன். மின்வெட்டுக் காலம். அந்த மார்ச் கடைசியில் நாடு முழுக்க நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. வார்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் இரைந்துகொண்டிருக்கும். அதன் புகைக்குழாய்க்குக் கிட்டப் போக முடியாத சூடு. அவ்வளவு சூடும் வானத்துக்குப் போக, நான் றோட்டைக் கடந்து ஒரு பிளாஸ்க் சுடுதண்ணிக்கு நின்றேன். கட்டடங்களின் மின்சாரமும் குளிரூட்டலும்தான் என் தொழில். அதனாலோ என்னவோ, அந்தக் காட்சி என்னை விடவில்லை.

ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய 10 அலகு (கிலோவாட்-மணி) சக்தி இருக்கிறது. நல்ல ஜெனரேட்டர் அதில் மூன்றரை அலகை மின்சாரமாகத் தரும். மிச்சத்தில் பெரும்பங்கு புகையோடும் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரோடும் போய்விடும். போகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குவதுதான் கோஜெனரேஷன். அது திருகோணமலை ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பொருந்துமா, பொருந்தினால் எந்த எஞ்சின் என்பதுதான் இங்கே கேள்வி. மின்சாரமும் வெப்பமும் சேர்ந்தால் எரிபொருளின் 80 சதவீதம் பயன்படும் என்று இந்த எஞ்சின்களை விற்பவர்கள் சொல்கிறார்கள். பொய் இல்லை. ஆனால் அந்த வெப்பத்தை எடுத்துக்கொள்ள எங்களிடம் வேலை இருக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 300 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி, கட்டிலுக்கு நாளுக்கு 50 லீற்றர் சுடுதண்ணி என்று வைப்போம். 28 பாகையில் இருக்கும் தண்ணீரை 60 பாகைக்கு ஏற்ற, நாளுக்கு ஏறக்குறைய 560 அலகு வெப்பம் போதும். 500 கிலோவாட் காஸ் எஞ்சின் ஒன்று முழுச் சுமையில் ஓடினால் ஒரே மணித்தியாலத்தில் அவ்வளவு வெப்பத்தைத் தந்துவிடும். மற்ற 23 மணித்தியாலச் சூட்டை என்ன செய்வது? குளிர் நாட்டு ஆஸ்பத்திரியில் அது அறைகளைச் சூடாக்கப் போகும். கச்சான் வீசும் ஜூலையில் எங்கள் வார்டுகளுக்கு வேண்டியது குளிர்தான்.

அதற்கும் விற்பவர்களிடம் பதில் இருக்கிறது. அப்சோர்ப்ஷன் சில்லர், அதாவது வெப்பத்தைக் கொண்டே குளிர்நீர் எடுக்கும் இயந்திரம். சத்திர சிகிச்சைக் கூடத்துக்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் அந்தக் குளிர்நீரை ஓட்டலாம். படத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. எண்ணில் பார்த்தால் வேறு கதை. எரிபொருளில் 100 பங்கு போனால் 38 மின்சாரம், 42 வெப்பம் என்று கொள்வோம். எஞ்சின் தண்ணீரின் 90 பாகைச் சூட்டில் ஓடும் ஒற்றைக்கட்டச் சில்லர் அந்த 42ஐ 29 பங்கு குளிராக்கும். அதே 29 பங்கு குளிரை, நல்ல மின்சாரச் சில்லர் 6 பங்கு மின்சாரத்தில் தந்துவிடும். இவ்வளவு குழாய், பம்ப், தண்ணீரை ஆவியாக்கிச் சூட்டை வெளியே விடும் கூலிங் டவர் எல்லாம் கட்டி நாங்கள் மிச்சம் பிடிப்பது அந்த ஆறைத்தான். அப்சோர்ப்ஷன் சில்லர் வெளியே தள்ள வேண்டிய வெப்பமும் இரண்டு மடங்கு, கூலிங் டவரில் ஆவியாகும் நன்னீரும் இரண்டு மடங்கு. வறட்சியில் கிணறு வற்றும் ஊர் இது. டவரைச் சுத்தமாக வைக்காவிட்டால் நிமோனியா தரும் லெஜியனெல்லா கிருமி வேறு. நோயாளிகள் படுத்திருக்கும் வளவில் அதைச் சின்ன விஷயமாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

காஸ் எஞ்சின் என்றால் இங்கே காஸ் எங்கிருந்து வரும் என்பதையும் கேட்க வேண்டும். மன்னார்ப் படுக்கையில் 2011இல் இயற்கை வாயு கண்டுபிடித்தார்கள், இன்னும் வெளியே எடுக்கவில்லை. குழாய்வழி வாயு நாட்டில் இல்லை. மிஞ்சுவது சமையல் காஸ். அதில் புரொப்பேனும் பியூட்டேனும் எந்த அளவில் கலந்திருக்கிறது என்பது எஞ்சினுக்கு உயிர்நாடி. பியூட்டேன் கூடினால் எரிபொருள் உள்ளே தாறுமாறாக வெடித்து எஞ்சின் இடிக்கத் தொடங்கும், சக்தியைக் குறைத்தே ஓட்ட வேண்டிவரும். 2021 கடைசியில் அடுப்புகள் வெடித்தபோது இந்தக் கலவை விகிதம் பற்றித்தான் வீடுவீடாகப் பேச்சு. அடுத்த வருடம் வெற்றுச் சிலிண்டரோடு நின்ற வரிசைகளையும் பார்த்தோம். 24 மணித்தியாலமும் ஓட வேண்டிய இயந்திரத்தை அந்த வரிசையில் நிறுத்த நான் ஆதரவு தரமாட்டேன்.

கோஜெனரேஷனுக்காகப் பேசுபவர்கள் அமெரிக்காவின் மிசிசிப்பி பாப்டிஸ்ட் ஆஸ்பத்திரியை எடுத்துக்காட்டுவார்கள். 2005இல் கத்ரீனா புயல் மின்கம்பிகளை வீழ்த்தியபோது, ஜாக்சன் நகரில் இருந்த அந்த ஆஸ்பத்திரி தன் கோஜெனரேஷன் நிலையத்தை வைத்தே இரண்டு நாளுக்கு மேல் தாக்குப்பிடித்தது. உண்மைதான், பெருமைக்குரியதுதான். ஆனால் அங்கே புயலுக்கு அசையாத வாயுக் குழாய் நிலத்துக்கடியில் இருந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது எங்களுக்கு எது வர வேண்டியிருந்தாலும் லொறியில்தான் வர வேண்டும்.

இனி உமியும், விறகுக்கு வளர்க்கும் கிளிரிசீடியா மரமும். இதில் எனக்குக் கொஞ்சம் ஆசை உண்டு, மறைக்கவில்லை. கந்தளாய், தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் என்று சுற்றிவர வயலும் அரிசி ஆலையும். நெல்லின் நிறையில் ஐந்தில் ஒரு பங்கு உமி. திருகோணமலையில் டோக்கியோ சிமெந்து ஆலை தனக்கென உயிர்த்திணிவு (உமி, விறகு போன்றவை) எரிக்கும் மின்நிலையம் வைத்திருக்கிறது, அதனால் இங்கே முடியாது என்று யாரும் சொல்ல முடியாது. சீனி ஆலைகள் கரும்புச் சக்கையை எரித்து நீராவியும் மின்சாரமும் சேர்த்தே எடுப்பது பழைய வழக்கம். கந்தளாய்ச் சீனி ஆலை 1993இல் மூடப்படாதிருந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கப் புத்தகம் தேவைப்பட்டிருக்காது. ஆனால் ஆஸ்பத்திரி அளவுக்குச் சிறுத்துப்போனால் நீராவிச் சுழலி பத்துச் சதவீத மின்சாரம் தருவதே பெரும்பாடு. உமி அறுவடையோடு வரும், மற்ற மாதங்களுக்குச் சேர்த்துவைக்கக் கொட்டகை வேண்டும். எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல். பக்கத்தில் மூச்சிழுப்புக்காரர் படுத்திருக்கும் வார்டு. சலவையும் சமையலும் வளவுக்கு வெளியே தனி இடத்தில் இருந்தால், மின்சாரத்தை மறந்துவிட்டு நீராவிக்கு மட்டும் ஓர் உமி பொய்லர் வைக்கலாம். உள்ளே வேண்டாம்.

இருக்கிற டீசல் ஜெனரேட்டரிலேயே வெப்பமாற்றி ஒன்றைப் பூட்டலாமே என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அவை அவசரத்துக்கு ஓடுவதற்கென்று தரப்படுத்தப்பட்டவை. நாள்முழுக்க ஓட்டினால் சீக்கிரம் படுத்துவிடும். அவசரத்துக்கு மட்டும் ஓட்டினால் பிடிக்கக்கூடிய வெப்பம் அற்பம். சீனக்குடாவில் 99 எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் இந்த ஊரிலேயே 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்றவர்கள் நாங்கள்.

என் தெரிவு கூரையில் இருக்கிறது. இங்கே ஒரு கிலோவாட் சோலர் சராசரியாக நாளுக்கு நான்கு அலகு தரும், மார்கழி மழையில் குறையும். மேலே சொன்ன 560 அலகு வெப்பத்தை ஹீட் பம்ப் ஒன்று, அதாவது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்கு ஏற்றும் இயந்திரம், எங்கள் சூடான காற்றில் 160 அலகு மின்சாரத்தில் தந்துவிடும். 40 கிலோவாட் சோலருக்கு அது ஒரு நாள் வேலை. துணி சலவைக்கும் நீராவி கட்டாயமில்லை: 71 பாகையில் மூன்று நிமிடம் கிருமி நீக்கத்துக்குப் போதும். 134 பாகை நீராவி வேண்டுவது கருவிகளைக் கிருமி நீக்கும் இடத்துக்குத்தான். அதற்கு மின்சாரத்தில் தானே நீராவி எடுக்கும் இயந்திரங்கள் இருக்கின்றன. மத்தியான வெயிலில் மின்சாரச் சில்லர்களை ஓட்டி, குளிர்நீரைப் பெரிய காப்பிட்ட தாங்கியில் சேர்த்தால் இரவுக் குளிரின் ஒரு பகுதிக்குப் பற்றரி தேவையில்லை. குளிரைத் தண்ணீரில் சேர்ப்பது மின்சாரத்தைப் பற்றரியில் சேர்ப்பதை விட மலிவு.

இதிலும் ஒரு பொறி உண்டு. சோலர் மின்சாரத்தைக் கட்டடம் பாவிக்கும் மின்சாரமாக மாற்றும் வழக்கமான இன்வேட்டர், பொது மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9 ஞாயிறு, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடே இருண்டது. நல்ல வெயில் எரிந்த அந்த மத்தியானத்திலும் பற்றரி இல்லாத கூரைகள் சும்மா கிடந்தன. ஆகவே தனித்து ஓடக்கூடிய இன்வேட்டரும், குருதி வங்கி, சத்திர சிகிச்சைக் கூடம், அதிதீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றைச் சில மணித்தியாலம் தாங்கும் பற்றரியும் கேள்விப்பத்திரத்தில் முதல் நாளே எழுதப்பட வேண்டும். பிறகு சேர்க்கலாம் என்று விட்டால் சேராது. ஜெனரேட்டரும் இருக்கட்டும், கடைசிக் காவலாக. கடற்காற்றின் உப்புக்குத் தாங்கும் பூச்சும், புயலுக்கு அசையாத பிடிமானமும் தகட்டுக்கும் சில்லருக்கும் கட்டாயம்.

குழாய்வழி வாயு ஒரு நாள் திருகோணமலைக்கு வந்தால் இந்தக் கணக்கை மறுபடி போடத் தயார். அப்போதும் எஞ்சினின் அளவை மின்சார பில்லைப் பார்த்துத் தீர்மானிக்க விடமாட்டேன். சுடுதண்ணிக் குழாயிலும் நீராவிக் குழாயிலும் வெப்ப மீற்றர் பூட்டி, கச்சானிலும் வாடையிலுமாக ஒரு வருடம் அளந்த கணக்கைத்தான் கேட்பேன்.