நடிப்பு நோயாளியா, நிஜ வார்டா?

நோயாளியிடம் பேசும் முறையும் ஒரு பாடம் என்று 2019 முதல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலேயே வந்துவிட்டது. அதை எங்கே வைத்துச் சொல்லித்தருவது என்பதில்தான் வழக்கு. வகுப்பறை உரையை முதல் சுற்றிலேயே தள்ளிவிடலாம். துயரச் செய்தி சொல்வதற்கான ஆறு படிகளை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வரும், பேச்சு வராது.

மிஞ்சுவது இரண்டு: நோயாளியாக நடிக்கப் பழகிய ஒருவரிடம் மாணவர் பேசிப் பயிலும் நடிப்பு நோயாளி முறை, நிஜ நோயாளிகள் இருக்கும் வார்டு. நடிப்பு நோயாளி முறையை 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்தார். இதன் பெரிய பலம், நோயாளியாக நடித்தவரே பிறகு, "அந்த இடத்தில் நீங்கள் கணினியைப் பார்த்தீர்கள், எனக்குச் சுருக்கென்றது" என்று முகத்துக்கு நேரே சொல்வது. நம் ஊர் நோயாளி எவரும் டாக்டரிடம் அப்படிச் சொல்ல மாட்டார். புற்றுநோய் என்ற செய்தியை முதன்முறை உளறிக்கொட்டுவதற்கும் இதுவே பாதுகாப்பான இடம்.

ஆனால் நடிப்பவர் ஒழுங்கான தமிழில், வரிசையாகக் கதை சொல்வார். வேலூர் புறநோயாளிப் பிரிவில் அது நடக்குமா? சித்தூர்த் தெலுங்கு, ஆம்பூர் உருது, கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்த வங்காளம் எல்லாம் ஒரே காலைப்பொழுதில் எதிரே உட்காரும். கேள்வி நோயாளிக்கு, பதில் கூட வந்த மைத்துனரிடமிருந்து. "அம்மாவுக்குத் தெரிய வேண்டாம், டாக்டர்" என்று மகன் வராந்தாவில் கையைப் பிடித்துக்கொள்வார்.

குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்ணுக்கு இன்சுலின் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். "சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், புரிகிறதா?" என்றால் தலை ஆடும். "நாளைக் காலை என்ன செய்வீர்கள், சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேட்டால்தான், ஊசி ஏழு மணிக்கு, சாப்பாடோ பீடிக் கட்டு முடிந்து பதினொரு மணிக்கு என்பது வெளியே வரும். சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழ அது போதும். இந்தக் கேள்வியின் அருமையை வார்டுதான் உணர்த்தும்.

வார்டுக்கும் ஒரு சாபம் உண்டு. கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று, நோயாளியின் தலைக்கு மேலே ஆங்கிலத்தில் பேசிவிட்டு நகர்ந்தால், மாணவர் கற்பது அந்த அவசரத்தைத்தான். பேசுவதை ஒருவர் கூடவே நின்று கவனித்துத் தனியே திருத்த வேண்டும். இல்லையென்றால் நடிப்பு நோயாளியே மேல்.

என் தேர்வு: துயரச் செய்திக்கு முதலில் நடிப்பு; மருந்து, உணவு, மறுவருகை எல்லாவற்றுக்கும் வார்டு. கவனிக்கப் பேராசிரியருக்கு நேரமில்லாத கல்லூரி, அனுபவமுள்ள செவிலியரை அந்த இடத்தில் நிறுத்தலாம். டாக்டர் போனதும் "என்னம்மா சொன்னார்?" என்று நோயாளி கேட்பது அவரிடம்தானே.