சொந்தத் தொலைபேசியில் அலுவலகக் கோப்புகள்: மைக்ரோசொப்ட் இன்டியூன் பற்றி

மட்டக்களப்பு நகரில் இயங்கும் எங்கள் சிறிய அபிவிருத்தி நிறுவனத்தில் பதினான்கு பேர் பணிபுரிகின்றோம். எவருக்கும் அலுவலகம் கைத்தொலைபேசி கொடுத்ததில்லை. பயனாளிகளின் அடையாள அட்டைப் பிரதி, காணி அனுமதிப்பத்திரம், வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம் ஆகிய யாவும் கள உத்தியோகத்தர்களின் சொந்தத் தொலைபேசிகள் வழியாகவே மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்பகமான வன்டிரைவுக்குப் போய்ச் சேர்ந்தன. வேலையை விட்டு விலகிய ஒருவர், வாகரைப் பயனாளிகளின் கோப்புகள் இன்னமும் தம்மிடம் இருப்பதாகச் சில மாதங்களின் பின்னர் தாமாகவே வந்து சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அத்தரவைக் காக்கும் பொறுப்பு அதைச் சேகரித்த எங்களுடையதே.

அதன் பின்னர் மைக்ரோசொப்ட் 365இன் பிஸ்னஸ் பிறீமியம் என்னும் சந்தாத் திட்டத்துக்கு மாறினோம். கருவிகளையும் செயலிகளையும் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் இன்டியூனும், குறித்த நிபந்தனைகள் நிறைவேறினால் மட்டுமே கோப்புகளைத் திறக்க விடும் நிபந்தனையுடனான அணுகல் வசதியும் அதில் அடங்கியுள்ளன. முன்னர் நாங்கள் வைத்திருந்த பிஸ்னஸ் பேசிக் திட்டத்தில் அவை இல்லை. ஆளொருவருக்கு மாதம் 22 அமெரிக்க டொலர் என்ற பட்டியல் விலை எங்கள் கணக்காளரின் முகத்தைச் சுருங்க வைத்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

தொலைபேசி முழுவதையும் அலுவலகத்தின் முகாமைத்துவத்தில் பதிவுசெய்வது ஒரு வழி. செயலிகளுக்கு மட்டும் காப்பு விதிப்பது மற்றொரு வழி. நாங்கள் இரண்டாவதையே தெரிந்தோம். அதன்படி வன்டிரைவ், வேர்ட், அவுட்லுக் போன்ற செயலிகள் தனி இரகசிய எண் கேட்கின்றன; அலுவலகக் கோப்பைத் தொலைபேசியின் சேமிப்பில் இறக்கவோ, அதன் வரிகளைப் பிரதியெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டவோ முடியாது. அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் கம்பனி போர்ட்டல் என்னும் செயலியும் இருக்க வேண்டும். அந்தப் பெயரைக் கண்டதுமே, தங்கள் குடும்பப் படங்களை அலுவலகம் பார்க்கப்போகின்றது என்று சிலர் அஞ்சினர். இந்த முறையில் அது இயலாது என்பதை விளங்கப்படுத்த ஒரு முழுப் பிற்பகல் சென்றது; அந்தப் பிற்பகலை எவரும் மிச்சம் பிடிக்கக்கூடாது.

எனினும் இக்காப்பு, செயலிக்குள் இருப்பதை மட்டுமே காக்கும். தொலைபேசியின் வழமையான கமெராவால் எடுத்த படிவம் படத்தொகுப்பிலேயே கிடக்கும். எந்த விதியும் அதைத் தொடாது. ஆகவே வன்டிரைவ் செயலியில் உள்ள ஸ்கான் வசதியாலேயே ஆவணங்களை எடுக்கும் பழக்கத்துக்கு மாறினோம். மென்பொருளை நிறுவியதைவிட, இந்தப் பழக்கத்தை மாற்றியதே எங்களுக்குப் பெரும் வேலையாயிற்று. அத்துடன், விலகியவரின் தொலைபேசியிலிருந்து அலுவலகத் தரவை மட்டும் அழிக்குமாறு கட்டளையிட்டாலும், அவர் அச்செயலியை அடுத்த முறை இணையத்துடன் திறக்கும்போதுதான் அது நிறைவேறும். நீண்ட காலம் இணைப்பின்றியே கிடக்கும் தொலைபேசிக்கென, இயல்பாக 90 நாட்களின் பின் தரவு அழியும் ஏற்பாடும் உண்டு. அது எங்களுக்கு மிக நீண்டதாகத் தோன்றியதால் குறைத்துக்கொண்டோம்.

சொந்த மடிக்கணினிகள் விடயத்தில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. அவற்றுக்கு, அலுவலகக் கோப்புகளைப் பகிரும் மைக்ரோசொப்ட் சேவையான ஷெயர்பொயின்டின் நிர்வாகப் பக்கத்தில் உலாவி வழி மட்டும் அணுகலாம் என்ற கட்டுப்பாட்டை இட்டோம். கோப்பைப் பார்க்கலாம், திருத்தலாம். பதிவிறக்கவோ, அச்சிடவோ, கணினியுடன் ஒத்திசைத்து இணைப்பின்றிப் பயன்படுத்தவோ முடியாது. நகரில் இருந்துகொண்டு பார்க்கும்போது இது மிகச் சரியான ஏற்பாடு. ஆனால் குருமண்வெளியில் பாதை எனப்படும் மிதவைப் படகில் ஏறி மண்டூருக்குப் போய், அங்கிருந்து வாவியின் மேற்குப் புறமான படுவான்கரையின் உட்கிராமங்களில் அறிக்கை எழுதும் உத்தியோகத்தருக்கு, அலைவரிசை விழுந்த கணத்திலேயே கோப்பும் கைவிட்டுப் போகின்றது. விதி மாறிய அன்று ஏற்கனவே உள்நுழைந்திருந்தவர்களை அது கட்டுப்படுத்தாது என்பதையும் கவனிக்க வேண்டும். நாங்கள் எல்லோரையும் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் செய்தோம்.

முழுத் தடையே பாதுகாப்பு என்று எங்கள் முகாமையாளர் முதலில் வாதிட்டார். அவ்வாறு செய்திருந்தால் எல்லோரும் ஒரே வாரத்தில் வட்ஸ்அப் குழுவுக்கே திரும்பியிருப்பர் என்பது என் எண்ணம். இறுதியில் இரண்டு மடிக்கணினிகளை அலுவலகமே வாங்கி, இன்டியூனில் பதிவுசெய்து, அவற்றில் மட்டும் ஒத்திசைவை அனுமதித்துள்ளோம். இப்போது மண்டூர்ப் பக்கம் போகின்றவர், முதல் நாள் மாலையே கையொப்பமிட்டு ஒன்றை எடுத்துச் செல்கின்றார்.