பதினைந்து ரூபாய்க்கு ஒரு புகார்: 1915 உதவி எண் எப்படி?

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ நான் கூப்பிட்டது பதினைந்து ரூபாய்க்காக. வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கூட்டுறவுப் பண்டகசாலையில் பல வருஷம் பில் போட்டு ஓய்வு பெற்றவள். அங்கே சாயங்காலம் கணக்கு இடித்தால், பதினைந்து ரூபாயாக இருந்தாலும் சரிபார்க்காமல் கிளம்ப முடியாது. அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை.

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் ஒரு சூப்பர்மார்க்கெட். பெயர் வேண்டாம். ஒரு கிலோ துவரம்பருப்பு பாக்கெட்டுக்கு ரேக்கில் ஒட்டியிருந்த விலை 149 ரூபாய், பில்லில் 164, பாக்கெட்டில் அச்சடித்த எம்.ஆர்.பி. 185. கேட்டதற்கு, "சிஸ்டத்துல இதுதான் வருது மேடம்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவளிடம் சத்தம் போட்டு என்ன பயன்? விலையை ஏற்றுவது தலைமை அலுவலகம், திட்டு வாங்குவது அவள். மேனேஜரைக் கூப்பிட்டேன். "எம்.ஆர்.பி.க்குக் கீழதானே போட்டிருக்கோம், சட்டப்படி தப்பே இல்லையே" என்றார் அவர்.

இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நிறையப் பேர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிடுகிறார்கள். ஆனால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் எம்.ஆர்.பி.யோடு நிற்கவில்லை. கடைக்காரர் தானே காட்சிக்கு வைத்த விலைப்பட்டியலைவிடக் கூடுதலாக வாங்கினாலும் புகார் செய்யலாம் என்று சொல்கிறது. ரேக்கில் அவர்களே ஒட்டிய சீட்டு காட்சிக்கு வைத்த விலை இல்லையென்றால் வேறென்ன?

ஒருமுறை நடந்தால் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அந்தக் கடையில் அப்புறம் வாங்கிய ஒவ்வொன்றுக்கும் சீட்டைப் படம் எடுத்து, வீட்டில் பில்லோடு ஒத்துப் பார்த்தேன். சலவைத்தூள், நல்லெண்ணெய், பிஸ்கட் என்று அங்கங்கே வித்தியாசம் வந்தது. எல்லாமே கடைக்குச் சாதகமான வித்தியாசம். நிஜமான தவறு என்றால் சில தடவையாவது எனக்கு லாபமாக விழுந்திருக்க வேண்டும் இல்லையா? பல வருஷம் பில் போட்ட எனக்குக் காரணம் புரியாமல் இல்லை. விலை ஏறும்போது கம்ப்யூட்டரில் உடனே ஏறிவிடும், சீட்டை ஆள் போய் மாற்ற வேண்டும், அதற்கு ஆள் போதாது. விலை குறைந்தாலோ சீட்டுதான் முதலில் வரும், அதுதானே விளம்பரம்! யாரும் திட்டம் போட்டு ஏமாற்ற வேண்டியதில்லை. சரிசெய்ய அவசரப்படாமல் இருந்தாலே போதும்.

சரி, இனி 1915. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை நடத்துகிறது. தமிழ் உட்பட 17 மொழிகளில் பேசலாம், வாட்ஸ்ஆப்பிலும் புகார் தரலாம், கட்டணம் எதுவும் இல்லை. பேசியவர் பொறுமையாகக் கேட்டார். பதினைந்து ரூபாய்தானா என்று குரலில்கூடக் காட்டவில்லை. சீட்டின் படம், பில்லின் படம், கடையின் கிளை எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு ஒரு புகார் எண் தந்தார்கள். புகார் நேராக நிறுவனத்துக்குப் போகிறது. கடையில் நின்று கேட்டபோது கிடைக்காத மரியாதை அதற்கப்புறம் கிடைத்தது: தலைமை அலுவலகத்திலிருந்தே போன் வந்தது, "வருந்துகிறோம்" என்றார்கள், வித்தியாசப் பணம் கணக்கில் விழுந்தது. உங்களுக்கு வேண்டியது உங்கள் பணம் மட்டும் என்றால், தயங்காமல் ஐந்துக்கு ஐந்து போடுவேன்.

எனக்கு வேண்டியது அது மட்டும் இல்லை. எனக்குத் திருப்பித் தந்த அதே வாரம், அதே ரேக்கில் அதே 149 ஒட்டியிருந்தது. அடுத்து வருகிறவர் பில்லைப் பார்க்காதவர் என்றால் அவர் பணம் போனது போனதுதான். உதவி எண்ணைக் குறை சொல்ல முடியாது. அது வழக்குக்கு முந்தைய சமரச ஏற்பாடு. சீட்டை மாற்று என்று உத்தரவு போடும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனால் என் மதிப்பெண் மூன்றரை.

உத்தரவு போடக்கூடியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வக்கீல் கட்டாயம் இல்லை, ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம். சில்லறைத் தொகை என்று கூச்சப்பட வேண்டாம். முன்கூட்டிச் சொல்லாமல் பில்லிங்கில் கைப்பைக்குக் காசு சேர்த்ததற்காக வந்த புகார்களில்தான், பிக் பஜார் தன் கடைகளில் அந்தப் பழக்கத்தையே நிறுத்த வேண்டும் என்று 2020 டிசம்பரில் தேசிய ஆணையம் உத்தரவிட்டது. ஒரு பையின் விலை இருபது ரூபாய்கூட இல்லை.

பலருக்கும் ஒரே பாதிப்பு என்றால் இன்னொரு வழியும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி மாவட்ட ஆட்சியரிடமே புகார் தரலாம். எங்கள் குடியிருப்பில் நாலைந்து வீட்டார் தங்கள் பில்களையும் படங்களையும் கொண்டுவந்தார்கள். ஒரே மனுவாகத் தட்டச்சு செய்து, திங்கட்கிழமை மக்கள் குறைதீர் கூட்டத்தில் கொடுத்தோம். மனுவில் யாரும் பணம் திரும்பக் கேட்கவில்லை. எல்லாக் கிளைகளிலும் ரேக் விலையும் பில் விலையும் ஒத்துப்போகின்றனவா என்று சோதிக்க வேண்டும், வித்தியாசம் வந்தால் குறைந்த விலையையே வாங்க வேண்டும் என்று கவுண்டரில் எழுதி ஒட்டச் சொல்ல வேண்டும், இவ்வளவுதான் கேட்டோம். விசாரணை நடக்கிறது. அந்தக் கிளையில் இப்போது ஒரு பையன் காலையில் சீட்டுகளைச் சரிபார்த்துக்கொண்டு நடப்பதைப் பார்க்கிறேன். மற்ற கிளைகளைப் பற்றித்தான் கவலை.

நீங்களும் இறங்குவதாக இருந்தால்: படத்தில் விலைச்சீட்டும் அதன் மேலே இருக்கும் பொருளும் சேர்ந்து தெரிய வேண்டும், இல்லாவிட்டால் "அது பக்கத்துப் பொருளின் சீட்டு" என்பார்கள். பில்லுக்கு மொபைல் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால் மறுக்கலாம். அப்படி வற்புறுத்தக் கூடாது என்று 2023-லேயே நுகர்வோர் விவகாரத் துறை கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. பில்லை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அந்த வழவழப்புத் தாளில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடும். புகார் செய்யவோ சட்டம் இரண்டு வருஷம் அவகாசம் தருகிறது.