பழைய ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டியைப் பட்டறையில் விடும் முன் இதைப் படியுங்கள்

வண்டி வாங்கிய விலையில் கால் பங்கு. அவ்வளவையும் ஒரே பட்டறையில் கொட்டிக் கொடுத்தேன். இன்றைக்கு அந்த வண்டி வேறொரு மெக்கானிக்கிடம், இன்ஜின் பிரித்த நிலையில் நிற்கிறது. பில்லில் இருந்த பெரிய வேலைகளில் ஒன்று நடக்கவே இல்லை, இன்னொன்றைச் செய்த லட்சணத்தில் இன்ஜினே போய்விட்டது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் தொலையட்டும் என்று விட்டுவிடுவோம், அந்த ஆட்களும் அதைத்தான் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்.

பெயர் போடவில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகள் மட்டும்தான் பார்ப்போம் என்று சொல்லிக்கொள்ளும், வாசலில் உயரம் ஏற்றிய வண்டிகளை வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் ரகப் பட்டறை. அவ்வளவு போதும்.

வண்டி நல்ல வண்டிதான். முந்தைய உரிமையாளர் எதையும் மறைக்கவில்லை. டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாது, நாலு சக்கரத்தையும் போட்டு ஓட்டினால் முன்பக்கத்திலிருந்து ஒரு முனகல் வரும், இரண்டையும் அவரே சொல்லி அதற்கேற்ப விலையைக் குறைத்தார். அதனால் வாங்கியதுமே செய்ய வேண்டியவை எனக்குத் தெளிவாக இருந்தன. பெல்ட், முன் டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை முன் சக்கரம் இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி), எல்லா ஆயிலும் மாற்றுவது. அதோடு ஆசைக்கு இரண்டு: சஸ்பென்ஷனில் 50 மில்லிமீட்டர் லிஃப்ட், அதாவது வண்டியை உயர்த்துவது, ஒரு ஸ்நார்க்கல், அதாவது தண்ணீரில் இறங்கினாலும் இன்ஜின் மேலிருந்து காற்று இழுக்கும் உயரக் குழாய்.

இப்போது அந்தப் பட்டறை ஓனர் எப்படி என் நம்பிக்கையைப் பிடித்தார் என்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதே மாதிரிதான் உங்களையும் பிடிப்பார்கள். வண்டியைத் தூக்கியதும் டார்ச்சும் சின்னச் சுத்தியலுமாக அடியில் போனார். சேஸிஸை முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போய், ஓர் இடத்தில் நிறுத்தி, "கேளுங்க சார், கணீர்னு இருக்கு பாருங்க, துரு மேலாக்கத்தான், உள்ள போகல" என்றார். டிரான்ஸ்ஃபர் கேஸில், அதாவது விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டியில், கொஞ்சம் எண்ணெய்க் கசிவு இருந்தது. அதைப் பார்த்துவிட்டு, "இதத் தொடவே வேண்டாம், வெறும் சீல்தான். வேற இடத்துக்குப் போனா இதையும் பிரிச்சுக் காசு பார்த்துடுவாங்க" என்றார். ஈசியூ ரீமேப், அதாவது இன்ஜின் கம்ப்யூட்டரின் ப்ரோக்ராமை மாற்றி இழுவையைக் கூட்டுவது, அதைப் பற்றிக் கேட்டேன். "வேண்டாம் சார், டார்க்க ஏத்துனா இந்தக் கிளட்ச் தாங்காது, அப்புறம் ஃப்ளைவீலோட சேர்த்து மாத்தணும்." வரும் காசை வேண்டாம் என்கிறவரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே பாதிப் பணத்தை அட்வான்ஸாக எடுத்துக் கொடுத்தேன்.

அவர் சொன்ன அத்தனையும் சரி என்பதுதான் இதில் கொடுமை. ஒன்றும் தெரியாத ஆள் கெடுத்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். இவருக்குத் தொழில் தெரியும். தெரிந்துதான் செய்திருக்கிறார்.

டெலிவரி தள்ளிக்கொண்டே போனது. பாகம் வரவில்லை, பையன் லீவு, லேத்தில் கூட்டம், வழக்கமான பாட்டு. ஒருவழியாக வண்டி வந்தது, பார்க்கக் கம்பீரமாகத்தான் இருந்தது. பில்லில் டைமிங் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப், முன் டிஃபரன்ஷியல் முழு ஓவரால், அதாவது பிரித்துப் பேரிங், சீல், க்ரௌன் பினியன் என்ற உள் பல்சக்கர ஜோடியின் செட்டிங் எல்லாம், லிஃப்ட் கிட், ஸ்நார்க்கல், டிஃபரன்ஷியல் மூச்சு விடும் ப்ரீதர் குழாயை மேலே உயர்த்திப் பொருத்தியது. மிச்சப் பாதியையும் கொடுத்தேன். கூட்டினால் வண்டி விலையில் கால் பங்கு. பில் என்று சொல்வதுகூட மரியாதைதான், 'எஸ்டிமேட்' என்று மேலே அச்சடித்த தாளில் பேனாவால் எழுதியது.

முனகல் போகவில்லை. கேட்டதற்கு, "புது பேரிங் சார், செட் ஆகட்டும்" என்றார். சரி என்று ஓட்டினேன். கொஞ்ச நாளில் இழுவை குறைந்தது. ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. அப்புறம் புகை, அதுவும் கறுப்பு இல்லை, நீலம். டீசலில் கறுப்புப் புகை என்றால் காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள கணக்கு இடிக்கிறது, அது பெரும்பாலும் சரிசெய்யக்கூடிய விஷயம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு கண்கூடாக இறங்கியிருந்தது. போன் செய்தேன். "பழைய டீசல்னா புகை விடத்தான் செய்யும் சார்." டிரான்ஸ்ஃபர் கேஸ் சீலைக்கூட மாற்ற வேண்டாம் என்று சொன்ன அதே வாய்.

வேறொரு மெக்கானிக்கிடம் போனேன். பெரிய பட்டறை எல்லாம் இல்லை, தனி ஆள். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அப்படியே வாயின் மேல் வைத்தார். மூடி தத்தித் தத்திக் குதித்தது, கூடவே புகை புஸ் புஸ்ஸென்று வந்தது. சிலிண்டரில் இருக்க வேண்டிய அழுத்தம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்றார். அவர் அடுத்துப் பார்த்தது ஸ்நார்க்கலை. அதன் குழாயை ஏர் ஃபில்டர் பெட்டியோடு சேர்க்கும்போது பெட்டி மூடியின் க்ளிப் இரண்டை உடைத்திருக்கிறார்கள். உடைத்ததைச் சொல்லவும் இல்லை, மாற்றவும் இல்லை, கேபிள் டை போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஃபில்டரின் ரப்பர் விளிம்பு உட்காராமல் ஒரு விரற்கடை இடைவெளி. ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள குழாயைக் கழற்றி, "உள்ள விரலை விட்டுப் பாருங்க" என்றார். விட்டேன். நுனி முழுக்க மாவு மாதிரிச் செம்மண் புழுதி. அந்தக் குழாய் துடைத்துவைத்த மாதிரி இருக்க வேண்டிய இடம். டர்போவின் காற்று இழுக்கும் சக்கரத்தில் இதழ் விளிம்பெல்லாம் தேய்ந்து மழுங்கியிருந்தது, தண்டைப் பிடித்து ஆட்டினால் ஆடியது. அத்தனை புழுதியும் அதைத் தாண்டிச் சிலிண்டருக்குள் போய் ரிங்கையும் சுவரையும் ராவியிருக்கிறது.

அதே கையோடு டிஃபரன்ஷியலையும் பாருங்கள் என்றேன். அவர் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். கவர் போல்ட்டுகளின் தலையில் பழைய சேறு காய்ந்து அப்படியே இருக்கிறது, அதற்கடியில் துரு, ஒன்றில்கூட ஸ்பானர் பட்ட தடம் இல்லை. அச்சு இரண்டையும் வெளியே இழுக்காமல் க்ரௌன் வீலை வெளியே எடுக்கவே முடியாது, இங்கே ஹப்பின் மேல்கூடக் கை வைக்கவில்லை. ட்ரெயின் ப்ளக்கைத் திறந்தால் தண்ணீர் கலந்து வெளுத்துப்போன ஆயில். ஆக, ஓவரால் என்று காசு வாங்கிய டிஃபரன்ஷியலில் ஆயில்கூட மாற்றவில்லை. ப்ரீதர் குழாய்? பழைய குட்டி மூடி துருப்பிடித்து அடைத்துக்கொண்டு அதே இடத்தில் இருக்கிறது. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் தண்ணீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும், ப்ரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். தண்ணீரில் இறங்கத்தானே ஸ்நார்க்கல் போட்டுக் கொடுத்தார்கள்! டைமிங் பெல்ட்டை மட்டும் உண்மையிலேயே மாற்றியிருக்கிறார்கள், முதுகில் கம்பெனி எழுத்து புதுசாகத் தெரிகிறது. அதையும் சொல்லிவிட வேண்டும் இல்லையா.

அப்புறம் நடந்ததுதான் இன்னும் எரிச்சல். படங்களை அனுப்பினேன். பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. நேரில் போனால் "ஓனர் வெளியூர்ல இருக்காரு". அவருடைய வண்டி உள்ளே நிற்கிறது. இன்னொரு தடவை போனபோது ஆள் இருந்தார், முகம்தான் வேறு. "புழுதியில ஓட்டினா அப்படித்தான் ஆகும்." ஃபோர் வீல் டிரைவ் வண்டியைப் புழுதியில் ஓட்டாமல் எங்கே ஓட்டுவது? க்ளிப்பைக் காட்டினால் "அது முன்னாடியே உடைஞ்சிருந்துச்சு". டிஃபரன்ஷியலைக் கேட்டால் "பசங்க செஞ்சதா சொன்னாங்க". பழைய பேரிங் எங்கே? "இரும்புக்கடையில போட்டாச்சு." கடைசியில் எல்லாவற்றையும் மூடுகிற ஒரு வசனம்: "நீங்க வேற ஆள் கையில கொடுத்துப் பிரிச்சுட்டீங்க சார், இனிமே நாங்க பொறுப்பில்ல." அவரே பார்த்திருந்தால் கேபிள் டையைச் சத்தமில்லாமல் வெட்டி எறிந்துவிட்டு வேறு கதை சொல்லியிருப்பார். கால் பங்கில் பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்றேன், அதற்குப் பக்கத்தில் நின்ற பையனைப் பார்த்து ஒரு சிரிப்பு.

இப்போது டர்போ, ரிங், சிலிண்டர் வேலை என்று புதிதாகச் செலவு. அது தனிக் கணக்கு. போன பணம் வண்டி விலையில் கால் பங்கு, அதைத்தான் நினைத்து நினைத்து வயிறு எரிகிறது. புகாருக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பேனாத் தாளை வைத்துக்கொண்டு என்ன ஆகும் என்று பார்க்கலாம்.

பழைய டீசல் ஃபோர் வீல் டிரைவில் எதை எப்போது செய்வது என்று முழுசாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனசில்லை, அவசரத்துக்குச் சிலது மட்டும். மாற்றிய பழைய பாகம் எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் மீதிப் பணம் என்று முதலிலேயே எழுதி வாங்குங்கள். விடும் முன் டிஃபரன்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் போல்ட் தலைகளில் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுத்துவையுங்கள், திறந்திருந்தால் கோடு விலகியிருக்கும். ரிப்பேரையும் ஆசைக்குப் போடுவதையும் ஒரே பட்டறையில் ஒரே நேரத்தில் கொடுக்காதீர்கள், எது எதனால் கெட்டது என்று பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. லிஃப்ட் போட்டால் அலைன்மென்ட் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், ஆக்ஸில் பூட், அதாவது அச்சின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை, கிழிந்திருக்கிறதா என்று அடிக்கடி குனிந்து பாருங்கள்.

ஸ்நார்க்கல் போட்டவர்கள் இன்றைக்கே பானட்டைத் திறங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு ஃபில்டருக்குப் பின்னாலுள்ள குழாயைக் கழற்றி விரலை விட்டுப் பாருங்கள். புழுதி ஒட்டினால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், வேறு எங்காவது கட்டி இழுத்துப் போங்கள், போட்டுக் கொடுத்தவனிடம் மட்டும் வேண்டாம்.