நாற்றங்கால் தேறியிருக்கிறதா? வொயிட் சாக்ஸ் நிர்வாகத்தின் இரண்டாவது ரீபில்ட்: ஒரு மதிப்பீடு

ரீபில்ட், அதாவது நல்ல வீரர்களை விற்று இளைஞர்களை வாங்கி அணியைப் புதிதாகக் கட்டுவது, ரசிகர்களிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, நாலைந்து வருஷம் கழித்துச் சரக்கு தருகிறேன் என்று சொல்லும் சேவை. முன்பணம் என்பது டிக்கெட் காசு மட்டுமில்லை, தோற்றுக்கொண்டே இருக்கும் வருஷங்களும்தான். அமெரிக்க பேஸ்பால் அணியான சிகாகோ வொயிட் சாக்ஸ் அந்த முன்பணத்தைப் பத்து வருஷத்துக்குள் இரண்டு முறை வாங்கியிருக்கிறது. முதல் முறை 2016 டிசம்பரில் பொது மேலாளர் ரிக் ஹான். இரண்டாவது முறை 2023 ஆகஸ்டில் அவர் இடத்துக்கு வந்த கிறிஸ் கெட்ஸ். இரண்டாவது சரக்கை எடைபோட வேண்டுமென்றால், முதல் சரக்கு ஏன் கெட்டுப்போனது என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். ரசிகர்கள் இதில்தான் திரும்பத் திரும்பத் தடுமாறுகிறார்கள்.

"டிரேடுகளில் ஏமாந்தார்கள்" என்பது, அதாவது வீரர்களை மாற்றிக்கொண்டதில் ஏமாந்தார்கள் என்பது, பொதுவான குற்றச்சாட்டு. இல்லை. கிறிஸ் செய்லை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக். ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூகஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபெஸ், டேன் டன்னிங். 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை கப்ஸுக்குக் கொடுத்து எலோய் ஹிமெனெஸ், டிலன் சீஸ். மூன்று பேரை விற்று இவ்வளவு பெயர்களை வாங்கியது உண்மையிலேயே நல்ல வியாபாரம். ஹிமெனெஸுக்கு 43 மில்லியன், லூயிஸ் ராபர்ட்டுக்கு 50 மில்லியன் டாலர் என்று, ஒரு மேஜர் லீக் ஆட்டம்கூட ஆடாதபோதே நீண்ட ஒப்பந்தம் போட்டதும் புத்திசாலித்தனம்தான். பலனும் வந்தது: 2020-ல் 35-25 (35 வெற்றி, 25 தோல்வி), 2021-ல் 93-69, பிரிவு முதலிடம். அதற்குப் பிறகு 2022-ல் 81-81, 2023-ல் 61-101, 2024-ல் 41-121. கடைசிக் கணக்கு 1962 மெட்ஸின் 120 தோல்வியையும் தாண்டி, நவீன காலத்தின் மிக அதிகத் தோல்விப் பதிவாக நிற்கிறது.

மேல் வரிசைக்குக் கீழே இன்னொரு வரிசையே இல்லை. கோளாறு அங்கே. அதற்குக் காரணமும் உண்டு, பலர் மறந்துவிட்ட காரணம். 2017-ல் கியூபாவிலிருந்து ராபர்ட்டை எடுக்க 26 மில்லியன் டாலர் போனஸ் கொடுத்தார்கள். வெளிநாட்டு இளைஞர்களுக்குச் செலவழிக்க அனுமதித்த ஒதுக்கீட்டைத் தாண்டியதால் ஏறக்குறைய அதே அளவு அபராத வரி. அதோடு அடுத்த இரண்டு ஒப்பந்தப் பருவங்களில் எந்த வெளிநாட்டு இளைஞனுக்கும் மூன்று லட்சம் டாலருக்கு மேல் தர முடியாது என்ற தடை. ராபர்ட் அந்த விலைக்குத் தகுதியானவர்தான். ஆனால் 2021, 2022-ல் கீழிருந்து ஏறி வந்திருக்க வேண்டிய பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் அந்த இரண்டு பருவங்களில் வேறு அணிகளுக்குப் போனார்கள். நாற்றங்காலில் இரண்டு பாத்தி காலி.

புதிய வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டும் கைகொடுக்கவில்லை. ஒரே ஒரு சங்கிலியைப் பாருங்கள். 2018-ல் மொத்தத்தில் 4-ஆவது தேர்வு நிக் மாட்ரிகல். 2021 ஜூனில் அவருக்குத் தொடைத் தசை கிழிந்தது. ஜூலையில் அவரையும் ரிலீஃப் பிட்சர் (ஆட்டத்தின் நடுவே வந்து பந்து வீசுபவர்) கோடி ஹோயரையும் கப்ஸுக்குக் கொடுத்து கிரெய்க் கிம்பிரெலை வாங்கினார்கள். அணியில் ஏற்கெனவே லியாம் ஹென்ட்ரிக்ஸ் என்ற முதல்தரமான குளோசர், அதாவது கடைசி இன்னிங்ஸை முடித்துவைக்கும் பிட்சர், இருந்தார். எட்டாவது இன்னிங்ஸில் போட வைத்த கிம்பிரெலின் ஈஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்டுக்கொடுத்த ரன் சராசரி) வொயிட் சாக்ஸில் 5.09. அடுத்த ஏப்ரலில் அவரை டாட்ஜர்ஸுக்குத் தள்ளி ஏ.ஜே. போலக்கை எடுத்தார்கள். போலக் ஒரு வருஷம் ஆடிவிட்டுக் கிளம்பினார். முதல் சுற்றின் நாலாவது தேர்வு மூன்றே கைமாற்றத்தில் வெறுங்கையாக முடிந்தது. மாட்ரிகலை விற்றதைக்கூட மன்னிக்கலாம். இருக்கிற சாமானையே இன்னொன்று வாங்க விற்றார்களே, அதை மன்னிக்க முடியாது.

இடம் பொருத்துவதிலும் இதே கதை. முதல் பேஸில் ஹோசே அப்ரேயு நிற்கும்போது, இன்னொரு முதல் பேஸ்மேனான ஆண்ட்ரூ வானை 2019-ல் 3-ஆவது தேர்வாக எடுத்து இடது அவுட்ஃபீல்டில் ஓட விட்டார்கள். வலது அவுட்ஃபீல்டுக்கு ஆண்டுக்கணக்கில் ஆளே கிடையாது. ஒரு தீவிர போட்டி அணி கட்டும்போது, ஒன்பது இடத்தில் எட்டு பேர் அடிப்பவர்களாக இருந்தால் போதாது. பந்து பிடிக்கவும் ஆள் வேண்டும்.

இப்போது கெட்ஸுக்கு வருவோம். 2016 கடைசியிலிருந்து மைனர் லீக் (கீழ்நிலை அணிகள்) வளர்ச்சிப் பிரிவை நடத்தியவரே அவர்தான். வெளியே தேடாமல் அவரையே உயர்த்தியதில் ரசிகர்களுக்கு வந்த கோபம் நியாயமானது. ஆனால் அவர் செய்த முதல் உருப்படியான வேலை ஆட்களை மாற்றியது: அரிசோனாவிலிருந்து ஜோஷ் பார்ஃபீல்டு உதவிப் பொது மேலாளராக, பிட்சிங்குக்கு பிரையன் பேனிஸ்டர், 2024 சீசனுக்குப் பின் பால்டிமோரிலிருந்து ரயன் ஃபுல்லர் ஹிட்டிங் இயக்குநராக. இதன் பலன் காகிதத்தில் இல்லை, ஓர் ஆளிடம் தெரிகிறது. கோல்சன் மாண்ட்கோமெரி 2021-ல் முதல் சுற்றுத் தேர்வு. 2025 ஏப்ரல் கடைசியில் மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழான டிரிபிள்-ஏ சார்லட்டில் அவருடைய அடிக்கும் சராசரி .149. பழைய நிர்வாகமாக இருந்தால் அங்கேயே உருளவிட்டிருக்கும். இவர்கள் ஆட்டத்திலிருந்தே அவரை எடுத்து, அரிசோனா பயிற்சி வளாகத்துக்கு அனுப்பி, ஃபுல்லருடன் ஸ்விங்கைப் பிரித்து மறுபடி கோக்க வைத்தார்கள். ஜூலை 4-ல் மேஜர் லீக்குக்கு வந்தார். 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன். மட்டை வீசும்போது பந்தைத் தவறவிடுவது இன்னும் அதிகம்தான். ஆனால் விழுந்தவனைத் தூக்கி நிறுத்தத் தெரிந்த அமைப்பு இங்கே முன்பு இருந்ததே இல்லை.

டிரேடுகள் கலவை. சீஸை 2024 மார்ச்சில் சான் டியேகோவுக்குக் கொடுத்தபோது கிடைத்த நால்வரில் மூவர் பிட்சர்கள். முக்கியமானவரான ட்ரூ தோர்ப்புக்கு அடுத்த மார்ச்சில் முழங்கை அறுவைச் சிகிச்சை, 2025 முழுக்கப் போனது. இளம் பிட்சர்களை மட்டும் நம்பிச் சொத்தை விற்றால் வரும் ஆபத்து இதுதான். ஒரு தசைநார் அறுந்தால் முதலே போய்விடும். 2024 ஜூலையில் எரிக் ஃபெடி, கோபெக், டாமி ஃபாம் மூவரையும் மூன்று அணி டிரேடில் விட்டது இன்னும் பலவீனம். டாட்ஜர்ஸ் அதில் பெற்ற டாமி எட்மன் அந்த வருஷமே நேஷனல் லீக் இறுதித் தொடரின் சிறந்த வீரர். இவர்களுக்கு வந்த மிகேல் வர்காஸ் எஞ்சிய சீசனில் .104 அடித்தார். 2025-ல் ஓரளவு எழுந்தார் என்பதற்காக அந்த டிரேடை நல்லது என்று சொல்ல மாட்டேன்.

பாடம் கற்றார்கள் என்பது 2024 டிசம்பரில் தெரிந்தது. கேரட் கிரோஷேவை பாஸ்டனுக்குக் கொடுத்து கேட்சர் கைல் டீல், அவுட்ஃபீல்டர் பிரேடன் மாண்ட்கோமெரி, இன்ஃபீல்டர் சேஸ் மைட்ராத், பிட்சர் விகெல்மன் கொன்சாலெஸ். மூன்று பேட், ஒரு கை. கிரோஷே அங்கே 255 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து சிறந்த பிட்சருக்கான சை யங் வாக்கெடுப்பில் இரண்டாவது வந்தார் என்பது வலிக்கத்தான் செய்யும். ஆனால் அவர்மேல் இவர்களுக்கு இருந்த உரிமை இரண்டே வருஷம். அந்த இரண்டு வருஷத்திலும் இந்த அணி எங்கேயும் போயிருக்காது. டீல், மைட்ராத், கொன்சாலெஸ் மூவரும் 2025-லேயே மேலே வந்துவிட்டார்கள்.

மோசமான அணிக்கு மட்டும் கிடைக்கும் ஒரு சலுகையையும் நன்றாகப் பயன்படுத்தினார்கள். ரூல் 5 டிராஃப்டில், வேறோர் அணி தன் 40 பேர் பட்டியலில் சேர்க்காமல் விட்ட வீரரை ஒரு லட்சம் டாலருக்கு எடுக்கலாம். ஆனால் சீசன் முழுக்க 26 பேர் அணியிலேயே வைத்திருக்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய அணிக்குத் திருப்பிக் கொடுக்க முன்வர வேண்டும். கோப்பைக்குப் போராடும் அணியால் பழகாத ஆளுக்கு அப்படி ஓர் இடத்தை முடக்க முடியாது. மில்வாக்கியிடமிருந்து அப்படி எடுத்த ஷேன் ஸ்மித் தொடக்க பிட்சராகி, 2025 ஆல்-ஸ்டார் அணிக்கே போனார். 121 தோல்விக்குக் கிடைத்த ஒரே நேரடிக் கூலி அவர்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஏனென்றால் டிராஃப்ட் அந்தக் கூலியைத் தரவில்லை. "இவ்வளவு தோற்றும் 2025-ல் ஏன் 10-ஆவது தேர்வு?" என்று நிர்வாகத்தைத் திட்டுபவர்கள் விதியைப் பார்க்க வேண்டும். 2022 தொழிலாளர் ஒப்பந்தத்தில் வந்த குலுக்கல் முறைப்படி, வருவாய்ப் பகிர்வில் பணம் கொடுக்கும் பக்கம் இருக்கும் அணி அடுத்தடுத்த இரண்டு வருஷம் குலுக்கல் தேர்வு பெற முடியாது. இரண்டாவது வருஷம் 10-க்கு மேலே ஏறவும் முடியாது. 2024-ல் 5-ஆவது தேர்வு பெற்றதால் அடுத்த வருஷம் கதவு மூடிவிட்டது. அதாவது வேண்டுமென்றே தோற்பது இனி இந்த அணிக்கு லாபமே இல்லாத தொழில். 2025 டிசம்பர் குலுக்கலில் 2026-க்கான முதல் தேர்வு கிடைத்தது. அது ஒருமுறைப் பரிசு என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை பணம். இந்த அணி வரலாற்றில் கொடுத்த மிகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டென்டிக்கு 75 மில்லியன் டாலர். இவ்வளவு பெரிய நகரத்துக்கு அது கூச்சப்பட வேண்டிய தொகை. முனேடகா முராகாமியை இரண்டு வருஷம், 34 மில்லியனுக்கு எடுத்தது நல்ல அறிகுறி. 2022-ல் ஜப்பானில் 56 ஹோம் ரன் அடித்தவர். வேகப்பந்தைத் தவறவிடும் சந்தேகம் இருந்ததால்தான் இவ்வளவு குறுகிய ஒப்பந்தத்தில் சிக்கினார். ஆனால் பரீட்சை இன்னும் வரவில்லை. சர்வீஸ் டைம், அதாவது மேஜர் லீக் அணியில் இருந்த நாள், கணக்கில் 172 நாள் ஒரு வருஷம். மூன்று வருஷத்தில் சம்பள நடுவர் உரிமை (நடுவர் முன் அதிகச் சம்பளம் கேட்கலாம்), ஆறு வருஷத்தில் விடுதலை (எந்த அணிக்கும் போகலாம்). 2025-ல் மேலே வந்த டீல், கோல்சன், எட்கர் கெரோ கூட்டத்தின் சம்பளம் 2029 வாக்கில் ஒன்றாக ஏறும், 2031 கடைசி வாக்கில் ஒன்றாகக் கதவைத் தட்டும். மைதான ஒப்பந்தம் 2029-ல் முடிகிறது. ஜஸ்டின் இஷ்பியாவுக்கு அணியைக் கைமாற்றும் உரிமையை உரிமையாளர் ஜெரி ரெயின்ஸ்டார்ஃப் பயன்படுத்தக்கூடிய காலமும் 2029 முதல் 2033 வரை. அணிக்குக் காசு அதிகம் தேவைப்படும் அதே வருஷங்களில் பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பது தெளிவில்லை. கெட்ஸ் எவ்வளவு நன்றாக நட்டாலும் அறுவடைக்குக் கூலி கொடுப்பவர் வேறொருவர்.

ஐந்துக்கு மதிப்பெண் போட்டால்: வளர்ப்புக்கு மூன்றரை, டிரேடுக்கு மூன்று, செலவுக்கு ஒன்றரை. 41 வெற்றியிலிருந்து 2025-ல் 60-க்கு வந்ததை வைத்து இதைக் கூட்டவில்லை; 102 தோல்வி 102 தோல்விதான். பிட்சிங்கில் நோவா ஷூல்ட்ஸ், ஹேகன் ஸ்மித் இருவரும் நிலைத்தால் வளர்ப்புக்கு நாலு தரலாம்.

சீசன் டிக்கெட்டுக்கு இப்போதே முழுப் பணம் கட்ட அவசரமில்லை. 2026-ல் கவனிக்க வேண்டியது வெற்றிக் கணக்கைவிட ஒரு சின்ன விஷயம்: ஷார்ட்ஸ்டாப்போ கேட்சரோ முதல் முறை காயப்பட்டியலுக்குப் போகும் நாளில், அந்த இடத்துக்கு யார் வருகிறார் என்று பாருங்கள். சார்லட்டிலிருந்து இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் வந்து, இரண்டு வாரம் கழித்தும் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தால் பணத்தைக் கட்டலாம். வேறு அணி கழித்துவிட்ட முப்பத்து மூன்று வயது ஆள் வந்தால், இன்னொரு வருஷம் பொறுங்கள்.